செல்வா பேரில் இருந்த தரவுத்தளம்

முண்டியம்பாக்கத்தில் காலைப் பாசஞ்சர் ரயில் நிற்கிற நேரம், ஒருவர் கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்தான். அதற்குள் ஏறிவிட வேண்டும். ஜெசிந்தா அப்படி ஏறப் பழகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. திண்டிவனத்தில் இறங்கி, பேக்கரிக்கு மேலே மாடியில் இருந்த செல்வகுமாரின் வெப் டிசைன் கடைக்கு நடந்துபோவாள். பப்ஸ் வேகிற வாசனையில்தான் அவளுடைய ஒவ்வொரு வேலை நாளும் தொடங்கியது. ஆனால் அந்த பப்ஸை அவள் வாங்கித் தின்றதென்னவோ அபூர்வம்தான்.

அவள் வீட்டில் முதல் பட்டதாரி. கல்லூரியில் சேரும்போது அதற்கொரு சான்றிதழ் வாங்கப் போனாள். அங்கே இருந்தவர், உங்கள் வீட்டில் வேறு யாரும் படிக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். அப்பா சவுரிராயன், ஒரு மேஸ்திரியிடம் சித்தாள் வேலை பார்த்துக் காய்த்துப்போன தன் கையை மேசை மேல் வைத்தார். ஒன்றும் இல்லாததற்கு ஆதாரம் காட்டித்தான் அவளுடைய படிப்பு ஆரம்பித்தது. கணினி அறிவியலில் நல்ல மதிப்பெண்ணோடு வெளியே வந்தபோது, சென்னைக்கு அனுப்ப வீட்டில் தைரியம் இல்லை. திண்டிவனம்தான் கைக்கு எட்டியது.

செல்வகுமார் கெட்ட முதலாளி என்று சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்தமாட்டார். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரி ஸ்வீட் பாக்ஸ் வாங்கித் தருவார். அவர் கடையில் ஒரே ஒரு பழக்கம்தான் புதிதாக வருகிறவர்களுக்கு விநோதமாக இருக்கும். ஒரு தளத்தின் விவரங்களெல்லாம் சேமித்திருக்கும் தரவுத்தளத்தின் முதன்மைக் கடவுச்சொல்லை அவர் மட்டுமே போடுவார். போடும் நேரத்தில் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. "எழுந்திருங்க" என்று ஒரு வார்த்தை சொல்வார். எல்லோரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு மாடிப்படிக்குப் போய், சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். உள்ளே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு கதவு திறக்கும். எல்லோரும் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். ஜெசிந்தாவுக்கு முதல் மாதம் அது அவமானமாக இருந்தது. அப்புறம் போன் பார்ப்பதற்கு நல்ல இடைவேளையாகிவிட்டது. மனிதர் எதற்குத்தான் பழகமாட்டார்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரி. அதன் பழைய இணையதளம் ஒருநாள் திறக்கவே இல்லை. அதைக் கட்டிக்கொடுத்தவர் துபாய் போய்விட்டார். திங்கட்கிழமை ஆய்வுக் குழு வரவிருந்தது. குழு முதலில் பார்ப்பது இணையதளத்தைத்தான். கல்லூரியின் செயலர் சீனுவாசன் அவசரமாகச் செல்வகுமாரைப் பிடித்தார். செல்வகுமார் ஒருநாள் வந்து, கல்லூரியின் சர்வரில் ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, தளம் அதற்குள் நுழைவதற்கென்று ஒரு பயனர் கணக்கையும் போட்டுவிட்டுப் போனார். மிச்ச வேலைக்கு ஜெசிந்தாவை அனுப்பினார். பக்கங்களைப் பிற்பாடு கல்லூரிக்காரர்களே மாற்றிக்கொள்ள வசதியாக, எல்லோரும் பயன்படுத்துகிற ஒரு இலவச மென்பொருளை அதில் நிறுவ வேண்டும். சாதாரணமாக அரை நாள் வேலை.

சீனுவாசன் முதல் நாளே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். ஆய்வகத்துக்கு வந்து, அவள் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எந்த ஊர், எப்படி வந்து போகிறாய் என்று விசாரித்தார். முண்டியம்பாக்கம் என்றதும், "இங்க அடுத்த ஸ்டேஷன்தான, அப்புறம் எதுக்கு திண்டிவனம் வரைக்கும் அலஞ்சிக்கினு இருக்க? இத முடிச்சிக் குடு. அடுத்த மாசத்துலருந்து இங்கயே சிஸ்டம் அட்மினா வந்துடு" என்றார்.

அவர் போனபிறகும் அவள் கை கொஞ்ச நேரம் விசைப்பலகை மேல் சும்மா இருந்தது. கல்லூரி வேலை. பி.எஃப். பிடிப்பார்கள். ஞாயிறு லீவு. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படித்த பெண் படித்த பெண்களுக்கு நடுவே போய்வருகிற இடம். அன்று சாயங்காலமே அம்மா அம்சவள்ளியிடம் சொல்லிவிட்டாள். அம்மா, ஊரிலேயே இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை பார்ப்பவள். மறுநாள் மதியத்துக்குள் அந்த லாட்ஜில் விஷயம் தெரியாத ஆளே இல்லை.

ஆனால் அரை நாள் வேலை முடியவில்லை. நிறுவும் மென்பொருள் வரவேற்றது, மொழி கேட்டது, தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டது, இணைப்பு சரி என்று பச்சை டிக் போட்டது. அடுத்த படியில், அட்டவணைகளை உருவாக்கப் போகும்போது, சிவப்பாக ஒரு வரி: பப்ளிக் ஸ்கீமாவில் அனுமதி மறுக்கப்பட்டது.

இதைக் கண்டதும் ஜெசிந்தா செய்த காரியம்தான் பின்னாடி அவளுக்கே ஆத்திரத்தை மூட்டியது. தான்தான் எதையோ தப்பாகச் செய்திருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டாள். கோப்புறைகளில் எழுத உரிமை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். வேறு பதிப்பைப் போட்டாள். கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அதே சிவப்பு வரி. அனுமதி இல்லை என்று எங்கே எழுதியிருந்தாலும், நம் பேரில்தான் குற்றம் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தவள் அவள். கதவு மூடியிருந்தால் தட்டாமல் திரும்பி வருகிற வீட்டுப் பெண். மூடியது யார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் வீணாகப் போனது.

சனிக்கிழமை முற்பகலில்தான், களைத்துப்போய், வெளிநாட்டு ஆள் ஒருவர் இணையத்தில் எழுதியிருந்த பதிலை நிதானமாகப் படித்தாள். அந்தத் தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகளில், உள்ளே நுழைய முடிந்த எவரும் அதன் பொது இடத்தில், அதாவது பப்ளிக் ஸ்கீமாவில், அட்டவணை உருவாக்கலாம். புதிய பதிப்பில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த உரிமை தரவுத்தளம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஆகவே, முதலில் அது யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார் அந்த ஆள்.

பார்த்தாள். ஒரு சின்னக் கட்டளைதான். திரையில் தரவுத்தளத்தின் பெயர் வந்தது. பக்கத்துக் கட்டத்தில் உரிமையாளர்: செல்வா.

நிறுவுகிற கணக்கின் பேருக்கு அதை மாற்றினால் எல்லாம் ஓடிவிடும். ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியைப் போட முதன்மைக் கடவுச்சொல் வேண்டும்.

மறந்துபோய் விட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, அனந்தபுரத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் பச்சைமுத்து ஞாபகத்துக்கு வந்தார். அவர் ஒரு சமயம் தன் தளத்தைச் சென்னையில் இருக்கும் மச்சானிடம் மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டார். செல்வகுமார் சிரித்துக்கொண்டே, "தாராளமா எடுத்துக்கினு போங்கண்ணே" என்றார். கொண்டுபோன இடத்தில் தளம் வெற்றுப் பக்கமாகத் திறந்தது. ஒரு வாரம் போராடிவிட்டுப் பச்சைமுத்து திரும்பி வந்தார். அந்த ஒரு வாரமும் அவருக்குப் போனில் பதில் சொன்னவள் ஜெசிந்தா. ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மெய்யாகவே நம்பி மன்னிப்புக் கேட்டிருந்தாள். இப்போது புரிந்தது. அதில் மறதி ஏதும் இல்லை. கடையில் செய்த எல்லாத் தளமும் செல்வா பேரில்தான் இருக்கும். மாட்டை விற்றுவிட்டு மூக்கணாங்கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொள்கிற ஏற்பாடு அது.

செல்வகுமாருக்குப் போன் போட்டாள்.

"சார், டேட்டாபேஸ் உங்க பேர்ல இருக்குதுங்க. அதனாலதான் இன்ஸ்டால் ஆவல."

"தெரியும். நான் வெளிய இருக்கறேன். கடைக்குப் போனதும் அங்கருந்தே அனுமதி மட்டும் குடுத்துடறேன். டேபிள் எல்லாம் வந்துடும்."

"பேரையே காலேஜிக்கு மாத்திட்டா..."

"மாத்தச் சொல்லி அவங்க கேட்டாங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் உனக்கு இன்னா பேஜாரு? வேலைய முடிச்சிக்கினு கெளம்பு."

கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போதும். அவர் அனுமதி கொடுத்திருப்பார், அட்டவணைகள் வந்திருக்கும், திங்கட்கிழமை குழு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும். கல்லூரிக்காரர்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. செல்வகுமார் நினைத்த நாளில் கொடுத்த அனுமதியைப் பிடுங்கலாம், மொத்தத் தளத்தையும் துடைத்துப் போடலாம் என்பது, அப்படி ஒருநாள் வரும்போதுதான் தெரியும்.

அந்த இடைவெளியில் சீனுவாசன் உள்ளே வந்தார்.

இன்னும் ஆகவில்லையா, எதனால் என்று கேட்டார். திரையில் அந்தக் கட்டம் அப்படியே திறந்திருந்தது. அவள் மூடியிருக்கலாம். மூடவில்லை.

"செல்வான்னு போட்டிருக்குதே, அது யாரு?"

"எங்க செல்வகுமார் சார்ங்க."

"மெஷினு எங்களுது. அவரு பேரு எதுக்கு?"

அவள் சொன்னாள். முதலில் தயங்கி, பிறகு தெளிவாகச் சொன்னாள். தளம் கல்லூரியுடையதாக இருக்க வேண்டுமானால் தரவுத்தளம் கல்லூரி பேருக்கு மாற வேண்டும். வெறும் அனுமதியை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தால் பிடி அவர் கையில்தான் இருக்கும். ஆகவே குழு வருவதற்கு முன்பே மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சொல்லச் சொல்ல, தன் குரல் ஒரு கல்லூரி ஊழியரின் குரலாக மாறிக்கொண்டிருப்பது அவளுக்கே கேட்டது. அது பிடித்தும் இருந்தது. சீனுவாசன் முழுவதையும் கேட்டார். "நல்லவேள சொன்னம்மா" என்றார்.

அந்த நல்லவேளை என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு ஜெசிந்தா ஒரு மணி நேரம் மனசுக்குள் பெரிய மாளிகையே கட்டிவிட்டாள்.

சீனுவாசன் போன் போட்டுக் கூப்பிட்டதில், செல்வகுமார் திண்டிவனத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் செயலர் அறைக்குள் போனார். கண்ணாடிக் கதவு. ஆரம்பத்தில் சீனுவாசனின் குரல் உரத்துத்தான் கேட்டது. ஏமாற்று வேலை, வக்கீல் என்றெல்லாம் வார்த்தைகள் வெளியே வந்து விழுந்தன. செல்வகுமார் பாதுகாப்புக்காக அப்படி வைத்திருப்பதாக, மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சீனுவாசன், உங்களுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டார். அனந்தபுரம் பக்கம் என்றார் செல்வகுமார்.

"அனந்தபுரம் பக்கம்னா, யாரு வூடு?"

ஜெசிந்தாவுக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். அவளிடமும் பல பேர் கேட்டிருக்கிறார்கள். அவளிடம் கேட்டால் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்க வந்தவர்கள்கூட வேறு வேலை இருப்பதாகப் போய்விடுவார்கள். செல்வகுமாரிடம் கேட்டபோது அதிலிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது. ஏதோ ஒரு பெரியப்பா பேர் அடிபட்டது. ஒரு கிணறு, ஒரு மல்லாட்டைக் கடலை மண்டி, ஒரு கல்யாணம். சீனுவாசனின் மனைவி வகையில் அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம். பியூன் இரண்டு காபி கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்புச் சத்தம் வந்தது.

அவர்கள் வெளியே வந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. தரவுத்தளம் கல்லூரி பேருக்கு மாறும். வருஷா வருஷம் பராமரிப்பைச் செல்வகுமார் கடையே பார்த்துக்கொள்ளும். செல்வகுமார் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவளை எழுப்பி நிற்கவைத்து, ஒரு வரியைப் போட்டார். எழுந்து இடம் விட்டார். "இப்ப ஓட்டு" என்றார்.

ஓட்டினாள். சிவப்பு வரி வரவில்லை. அட்டவணைகள் ஒவ்வொன்றாக வந்தன. பயனர்கள், பக்கங்கள், படங்கள், பட்டியல்கள். மென்பொருள் தளத்தின் பெயரைக் கேட்டது. கல்லூரியின் பெயரைத் தட்டினாள். நிர்வாகியின் பெயரைக் கேட்டது. யார் பேரைப் போடுவது என்று திரும்பிப் பார்த்தாள். இருவரும் ஆளுக்கொரு பெயர் சொல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்து, ஆபீஸ் என்றே போடச் சொன்னார்கள். புத்தம்புதுத் தளம் திறந்தது. வெள்ளைப் பக்கத்தில் வணக்கம் என்று ஒரு வார்த்தை.

செல்வகுமார் காரை எடுக்கப் போனார். சீனுவாசன் அவளை அறைக்குள் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. சொல்ல மறந்திருக்கலாம்.

"நீ நல்லா வேல செய்யற பொண்ணு. அதுல கொற ஒண்ணும் இல்ல. ஆனா மூணு வருஷம் சோறு போட்ட எடத்தப் பத்தியே எங்கிட்ட சொல்லிட்ட. நாளைக்கு எங்களப் பத்தி யாராண்ட சொல்லுவியோ, யாருக்குத் தெரியும்? நீயே சொல்லு, நான் எப்படி எடுக்கறது?"

நீங்கள் கேட்டதால்தானே சொன்னேன் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. "சரிங்க சார்" என்றாள். அந்தச் சரிங்க சாரை அவள் எத்தனையோ நாள் நினைத்து நினைத்துக் கடித்துத் துப்பினாள். அது எங்கிருந்து அவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. பட்டம் வாங்கியும் போகாமல் உடம்பிலேயே இருக்கிற ஏதோ ஒன்று.

வாசலில் செல்வகுமார் காரை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை.

"நாளையிலருந்து வராத ஜெசிந்தா. ஸ்டேஷன்ல எறக்கி வுடட்டுமா?"

வேண்டாம் என்று நடந்தாள்.

வீட்டில் அம்மா உரலடியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றாள் ஜெசிந்தா. எப்போது சேர வேண்டும் என்று அடுத்த கேள்வி வந்ததும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. தரவுத்தளம் என்றால் என்ன, அது ஒருவர் பேரில் இருப்பது என்றால் என்ன என்று தொடங்கி, பத்திரம், பட்டா என்று உவமானம் சொல்லி விளக்கினாள். அம்மாவுக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை.

"அவன் பேரு இருந்துட்டுப் போவுது. அதுல உனக்கு இன்னா வந்துது?"

"தப்பும்மா அது."

"தப்புதான். யாரு இல்லன்னா? தப்பச் சொல்றதுக்கு நம்பள யாரு கேட்டா?" மல்லாட்டைத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினாள். "நான் லாட்ஜில இன்னான்னு சொல்லுவேன் இப்ப?"

அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. லாட்ஜில் என்ன சொல்வது என்று கவலைப்பட்டது ஜெசிந்தாவை ஒரேயடியாக உட்கார வைத்துவிட்டது. அம்மாவிடமிருந்து பிடுங்கப்பட்டது ஒரு வேலையில்லை. இரண்டு நாள் தலைநிமிர்ந்து பேசிய பேச்சு.

வேலை இல்லாத நாட்களில் யோசிக்க நிறைய நேரம் இருந்தது. உண்மையைச் சொன்னோம், அதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொள்வது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. உண்மைக்காகச் சொன்னாளா, அந்த வேலைக்காகச் சொன்னாளா? சீனுவாசன் முதல் நாள் ஆசை காட்டாமல் இருந்திருந்தால், அந்தக் கட்டத்தைத் திரையில் மூடாமல் விட்டிருப்பாளா? பச்சைமுத்துவின் எண் அவள் போனில் இன்னமும் இருந்தது. அண்ணே, உங்கள் தளத்தில் கோளாறு ஏதும் இல்லை, இப்படி ஒரு கட்டு போட்டிருக்கிறார்கள் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பச்சைமுத்துவிடம் கொடுப்பதற்கு வேலை எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டாள். தன்னைப் பற்றி அன்று தெரிந்துகொண்டது, சீனுவாசன் சொன்னதைவிடக் கசப்பாக இருந்தது.

விழுப்புரத்தில் ஒரு கணினி மையத்தில் நேர்முகத்துக்குப் போனாள். முந்தைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. இன்னொரு இடத்தில் கொஞ்சம் சுருக்கிச் சொன்னாள். அங்கேயும் பேனாவை மூடினார்கள்.

புதுச்சேரியில் ஒரு நிறுவனம். குளிர்பதன அறை, நீளமான மேசை, அவளைவிட நாலைந்து வயதே கூடுதலான ஒரு பெண் மேலாளர். தரவுத்தள உரிமை பற்றியே ஒரு கேள்வி கேட்டாள். நிறுவும்போது அனுமதி மறுக்கப்பட்டால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அது யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பேன் என்றாள் ஜெசிந்தா. மேலாளருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. யாரும் இதை முதலில் சொல்வதில்லை என்றாள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். பழைய இடத்தில் என்றாள் இவள்.

"அங்கிருந்து ஏன் விட்டுட்டீங்க?"

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள். அது நன்றாகத் துடைத்த மேசை.

"தூரம்ங்க மேடம். முண்டியம்பாக்கத்துலருந்து திண்டிவனம் போய் வர முடியல."

முண்டியம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி அதைவிடத் தூரம். இரண்டு பஸ் மாற வேண்டும். மேலாளருக்கு முண்டியம்பாக்கம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. தலையை ஆட்டி எழுதிக்கொண்டாள். ஒன்றாம் தேதி சேர்ந்துகொள்ளச் சொன்னாள்.

"ரொம்ப நன்றிங்க மேடம்" என்றாள் ஜெசிந்தா. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தாள், லாட்ஜில் இப்போதே சொல்லிவிடலாம் என்று. அம்மா சந்தோஷத்தில் குரல் உடைந்து, நீ என்ன சொன்னாய், எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று விடாமல் கேட்டாள்.

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்மா, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டதாக ஒரு பொய்யும் சொல்லி, போனை வைத்தாள். பஸ் வர இன்னும் வெகுநேரம் இருந்தது.